இடுப்புவலிக்குக் காரணம் எங்கள் இடுப்பு அல்ல



போன மாதம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு சுகாதாரக் கூட்டம் நடந்தது. நிர்வாகம் ஏற்பாடு செய்த கூட்டம். அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் போய் உட்கார்ந்தோம். வந்திருந்த மிஸ்ஸி நல்லவர், அன்பாகப் பேசினார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'தோட்டவேலையும் முதுகுவலியும்' என்று தலைப்பு.

தாளில் இருந்த புத்திமதிகள் இவை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வேலையை நிறுத்தி நிமிர்ந்து நில்லுங்கள். ஒரே வேலையைச் செய்துகொண்டிராமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சுமவுங்கள். உங்கள் உயரத்துக்குப் பொருந்திய இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலி வந்தால் அன்றைக்கு வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு படம். தொப்பி போட்ட ஓர் அம்மா பூச்செடிக்கு முன்னால் சின்ன மெத்தை ஒன்றைப் போட்டு அதில் முழங்காலூன்றி இருக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா எழும்பினார். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுப்பவர். "மிஸ்ஸி, தாள் நல்லாத்தான் இருக்கு. கங்காணிக்கும் ஒரு தாள் குடுங்க, துரைக்கும் ஒண்ணு குடுங்க. நாங்க மட்டும் படிச்சு என்னா செய்யிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸியும் சிரித்தார். கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த சின்னதுரை மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா கேட்டதைத்தான் இந்தக் கட்டுரையில் நான் நீட்டி எழுதுகிறேன்.

தாளில் பொய் இல்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் எழுதியிருந்த ஒரு வரியும் பொய்யல்ல. வைத்தியர்கள் சொல்வதும் அதுதான். நீண்ட நேரம் முன்னுக்குக் குனிந்து நின்றால் முதுகெலும்புக்குப் பக்கத்துத் தசைகள் இழுபட்டு இறுகிப்போகின்றன. எலும்புக்கு எலும்பு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற வட்டுகள் அமுக்கப்படுகின்றன. அதற்கு மேல் பாரமும் சேர்ந்தால் அமுக்கம் இன்னும் கூடும். பாரத்தோடு உடம்பைத் திருப்பினால் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தக்கூடும். அப்போதுதான் இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் போகிறது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்குக் கழுத்தெலும்பும் சேர்ந்து தேய்கிறது.

ஆகவே தாள் சரி. ஆனால் அது வீட்டுத் தோட்டக்காரருக்கு எழுதிய தாள். வீட்டு முற்றத்தில் ரோஜா வளர்ப்பவர் செய்வதும் தோட்டவேலைதான், நாங்கள் மலையில் செய்வதும் தோட்டவேலைதான். சொல் ஒன்று, வேலை வேறு. அவருக்கு இடுப்பு நோவு எடுத்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடிப்பார். அந்தத் தேத்தண்ணிக்குக் கொழுந்து எடுத்தவள், நோவு எடுத்தாலும் நிரையை விட்டு வெளியே வர முடியாது. அவருடைய நேரம் அவர் கையில் இருக்கிறது. எங்களுடைய நேரம் தராசில் இருக்கிறது.

ஒவ்வொரு புத்திமதியாக எடுத்துப் பார்ப்போம். எங்களால் அதைச் செய்ய முடியாமல் இருப்பது ஏன், யாரால் என்று கேட்போம்.

"அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து நில்"

காலையில் பெரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, நிரை பிடித்த நேரத்திலிருந்து எங்கள் தலைக்கு மேல் ஒரு கிலோக் கணக்கு நிற்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் 14 கிலோ எடுத்தால் பேர் போட்டார்கள். பிறகு அது 16 ஆனது, பிறகு 18 ஆனது. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலமாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. சந்தோஷப்பட்டோம். அடுத்த மாதமே 20 கிலோ கேட்டார்கள். எங்கள் தோட்டம் மட்டுமல்ல, மலையகத்தில் பல தோட்டங்களில் இதே கதைதான். கம்பனிக்காரர்கள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டதும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு கிலோவை யார் கூட்டுவது, எந்த அளவுக்குக் கூட்டுவது என்று பேசுவதற்கு ஒரு மேசைகூட இல்லாமல் போனது.

கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர். முழுநாள் மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். 18 கிலோ எடுத்தவள் இரண்டு கிலோ குறைந்ததற்காகப் பாதிச் சம்பளத்தை இழக்கிறாள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தப் பெண் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து நிற்பாள்? நின்றாலும் விடுவார்களா? "என்னம்மா, சீமையப் பாத்துக்கிட்டு நிக்கிறியா? கொழுந்து யாரு எடுக்கிறது?" என்று மேலே இருந்து சத்தம் வரும்.

கிலோ கூடியது, ஆனால் மலையில் கொழுந்து கூடவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தபோது செடி வாடியது. அதன் பிறகும் விலையைக் காரணம் காட்டிப் பசளையைக் குறைத்துப் போட்டார்கள். புல் எடுக்க ஆள் போடுவதில்லை. செத்த செடி இருந்த இடத்தில் புதுச் செடி வைப்பதில்லை. முன்பு ஒரு நிரையில் கிடைத்த கொழுந்தை இப்போது இரண்டு நிரை ஏறி இறங்கித் தேட வேண்டும். அதாவது அதே கிலோவுக்கு இரட்டை நடை, இரட்டைக் குனிவு. தோட்டத்தைப் பராமரிக்காத செலவை எங்கள் இடுப்பில் எழுதி வைக்கிறார்கள்.

"பாரத்தைப் பிரித்துச் சும"

பிரித்துச் சுமக்கலாம். நிறுக்கும் இடம் பக்கத்தில் இருந்தால்! எங்கள் மேல்மலையில் கொழுந்து எடுத்தால் ரோட்டோரத்து மடுவத்துக்கு இறங்கிவர இருபது நிமிஷம், திரும்பி ஏற அதற்கும் மேல். அப்படியென்றால் பாதிக் கூடையோடு யார் இறங்குவாள்? கூடை நிறைந்த பிறகும் கையால் அமுக்கி அமுக்கி நிறைத்துக்கொண்டுதான் இறங்குகிறோம். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கிறோம். வழுக்கும் கல்லுப் படியில் முதுகில் பாரத்தோடு இறங்கும்போது இடுப்பை முறுக்கித்தான் கால் வைக்க முடியும். வட்டு பிதுங்குவதற்கு அதைவிட வசதியான வழி இல்லை.

தராசடியில் என்ன நடக்கிறது? தண்ணிக்கு என்று கழிக்கிறார்கள். சாக்குக்கு என்று கழிக்கிறார்கள். முற்றல் இலை என்று கழிக்கிறார்கள். ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ கழித்தால் மூன்று நிறுவைக்கு ஆறு கிலோ. அந்த ஆறு கிலோவும் எங்கள் முதுகில் வந்த பாரம்தானே! முதுகு சுமந்த கிலோ ஒன்று, புத்தகத்தில் ஏறும் கிலோ வேறொன்று. சம்பளத்துக்காக மட்டும் இந்தக் கழிவை எதிர்த்தால் போதாது. கழித்த கிலோவை ஈடுகட்டுவதற்கு நாங்கள் இன்னொரு தடவை குனிய வேண்டியிருக்கிறது. அதனால் தராசுக் கொள்ளை ஒரு சுகாதாரப் பிரச்சினையும்கூட.

ஆண் தோழர்களின் கதையும் வேறல்ல. மருந்து தெளிக்கும் டாங்கி 16 லீற்றர் கொள்ளும். டாங்கியின் எடையை விட்டுவிட்டாலும் 16 கிலோ தண்ணீர் முதுகில் தொங்குகிறது. பசளை மூட்டை 50 கிலோ. அதை லொறியிலிருந்து முதுகில் வாங்கி மலை ஏறுகிறார்கள். முள்ளுக் குத்துகிறவர், கான் வெட்டுகிறவர், கவ்வாத்து வெட்டுகிறவர் எல்லோரும் நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்காரர்கள்தான். தூக்கும் வேலைக்கு அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு ஒன்று உண்டு. தரை சமமாக இருக்க வேண்டும், பாரம் உடம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், உடம்பு திரும்பக்கூடாது. எல்லாம் சரியாக இருக்கும்போதே 23 கிலோதான் எல்லை. நிலைமை மோசமாக மோசமாக அந்த எல்லையைக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் மலையில் தரையும் சமமில்லை, ஒன்றும் சரியில்லை. ஆனால் மூட்டை மட்டும் 50.

"உயரத்துக்குப் பொருந்திய இடத்தில் வேலை செய்"

காலத்துக்குக் கவ்வாத்து வெட்டி, மட்டத்தை ஒழுங்காக வைத்திருந்தால் தேயிலைச் செடி இடுப்பளவில் நிற்கும். கையை அளவாக நீட்டிக் கொழுந்து எடுக்கலாம். செலவு என்று கவ்வாத்தைத் தள்ளிப்போட்டால் செடி நெஞ்சுக்கு மேல் வளரும். அப்போது கையைத் தூக்கித் தூக்கியே தோளும் கழுத்தும் நோகும். புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் செடி முழங்காலுக்கு வந்துவிடும். அங்கே நாள் முழுக்கக் குனிவுதான். இதைத் தெரிந்து அட்டவணை போடுகிற துரைக்கு, ஒரு கூட்டத்தை ஒரு வாரம் முழுவதும் ஒரே மலையில் போடாமல் மாற்றிப் போடவும் தெரியும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. மனம் மட்டும் வேண்டும்.

"தண்ணீர் நிறையக் குடி"

இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல. மலையில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம், வந்தாலும் அடக்கிக்கொள்கிறோம். அடக்கி அடக்கிச் சலக்கிருமி பிடிக்கிறது. அது சிறுநீரகத்துக்கு ஏறினால் காய்ச்சலோடு இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக வலிக்கும். அதையும் நாங்கள் 'இடுப்புவலி' என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டு மலைக்குப் போகிறோம். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு அடியிறங்கி அடிவயிறும் நடு இடுப்பும் சேர்ந்து இழுக்கும். பாரம் தூக்க அது இன்னும் மோசமாகும். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு இடமே இல்லை. எல்லா வலிக்கும் ஒரே பெயர் வைத்து, எல்லாவற்றுக்கும் இரண்டு பனடோல் கொடுத்து அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

"வலி வந்தால் வேலையைக் குறை"

குறைத்தால் அரைப்பேர். வராமல் நின்றால் பேரே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து நின்றால், "வேலை செய்ய விருப்பமில்லையா?" என்று ஆபிசுக்குக் கூப்பிடுகிறார்கள். டிஸ்பென்சரியில் துண்டு கேட்டால், "காய்ச்சல் இருந்தா தரலாம், இடுப்புவலிக்கெல்லாம் துண்டு இல்ல" என்கிறார்கள். காய்ச்சலைக் கருவி காட்டும். இடுப்புவலியை எந்தக் கருவி காட்டும்? எங்கள் பேச்சை நம்ப வேண்டும். நம்பாமல் விடுவதுதான் நிர்வாகத்துக்கு லாபம்.

சட்டம் எந்த வாசலில் நின்றுவிட்டது?

இந்த நாட்டில் வேலைத்தலப் பாதுகாப்புக்கு என்று இருக்கும் பிரதான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரிலேயே இருக்கிறது. அது தொழிற்சாலைக்கு உரியது. தேயிலை ஸ்டோருக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு மறைப்பு போட வேண்டும் என்று அது சொல்லும். அங்கே வேலை செய்பவர்களுக்கு மலசலகூடம் வேண்டும் என்றும் சொல்லும். மலையைப் பற்றி அது பேசாது. ஆகவே நாங்கள் எடுத்த கொழுந்து ஸ்டோர் வாசலைத் தாண்டியதும் சட்டத்துக்குள் போய்விடுகிறது. அதைச் சுமந்து வந்த நாங்கள் வெளியே நிற்கிறோம்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வேலையின்போது வழுக்கி விழுந்து காலை முறித்தால், அன்றைய திகதியைச் சொல்லி நட்டஈடு கேட்கலாம். 25 வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த இடுப்புக்கு எந்தத் திகதியைச் சொல்வது? இடுப்பு போனதற்காக ஒரு சதம் நட்டஈடு வாங்கிய ஒரு பெண்ணையும் என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

உலகம் இதை அறியாமல் இல்லை. சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே 127ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் கையால் சுமக்க வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதோடு வந்த சிபாரிசு, வளர்ந்த ஆணுக்கே 55 கிலோவுக்கு மேல் கூடாது, பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றது. 2001இல் 184ஆம் இலக்கச் சமவாயம் விவசாயத் தொழிலாளரின் பாதுகாப்புக்கு என்றே வந்தது. 2010இல் அந்த அமைப்பு திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவாலும் பாரத்தாலும் பொருந்தாத நிலையில் வேலை செய்வதாலும் வரும் தசை, எலும்பு நோய்களுக்குத் தனி இடம் கொடுத்தது. ஆகவே வேலையால் வரும் இடுப்புவலி 'வயசுக் கோளாறு' அல்ல, அது தொழில்நோய். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் இந்தச் சொல்லைத்தான் நாங்கள் வைக்கப்போகிறோம்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

"உங்கள் பாட்டி, பூட்டி காலத்திலிருந்து செய்யும் வேலைதானே" என்பார்கள். 1867இல் லூல்கந்துரையில் வியாபாரத்துக்கு முதல் தேயிலை வைத்தார்கள். அன்றிலிருந்து கணக்குப் பார்த்தால் 150 வருஷத்துக்கும் மேலாகிறது. இத்தனை காலத்தில் ஸ்டோரில் எத்தனை இயந்திரம் மாறியது! துரையின் குதிரை போய் மோட்டார் சைக்கிள் வந்து ஜீப்பும் வந்துவிட்டது. கொழுந்துக் கூடை மட்டும் இன்னும் தலையில் கயிறு மாட்டித்தான் தொங்குகிறது. பாட்டி சுமந்தாள் என்பது பேத்தி சுமப்பதற்கு நியாயம் ஆகாது. பாட்டி கடைசிக் காலத்தில் எப்படி நடந்தாள் என்று எங்களுக்குத் தெரியும்.

"செலவு தாங்காது" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். அப்படியென்றால் 20 கிலோ எடுக்கும் ஒரு பெண் ஒரு நாளில் நாலு கிலோவுக்கு மேல் தேயிலை கொடுக்கிறாள். இரண்டு தோளிலும் மாட்டக்கூடிய பட்டி வைத்த பை ஒன்று, மலைக்குப் பக்கத்தில் இன்னொரு தராசு, ஒரு தகரக் கூரை மலசலகூடம், பத்து நிமிஷ ஓய்வு. இவற்றுக்கான செலவைத் தாங்க முடியாத கம்பனி, 45 வயதில் வேலையை விட்டுப் போகும் பெண்களின் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அழவும் கூடாது. எங்கள் பிள்ளைகள் ஏன் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள் என்று கேட்பவர்கள், அவர்களின் அம்மா படுக்கையிலிருந்து எழும்பும் விதத்தை ஒரு நாள் விடியற்காலையில் வந்து பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும்

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி முடித்தால் இந்தக் கட்டுரை பாதிதான் உண்மை. சங்கங்களும் இதில் தவறியிருக்கின்றன, நமது சங்கமும் சேர்த்துத்தான். ஒவ்வொரு முறையும் ரூபாயைப் பற்றிப் பேசினோம். ரூபாய் முக்கியம், இல்லை என்று யார் சொல்வது? ஆனால் ஒரு கையால் ரூபாயைக் கொடுத்து மறு கையால் கிலோவைக் கூட்டியபோது நாங்கள் தடுமாறிப்போனோம். கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேசையில் உட்காருபவர்கள் பெரும்பாலும் கூடை மாட்டாத ஆண்கள். மலசலகூடத்தைப் பற்றி எந்தத் தலைவர் மேசையில் தட்டிப் பேசினார்? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள், தோழர்களே.

வீட்டையும் பார்க்க வேண்டும். மலையிலிருந்து வந்தவுடன் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, தரையில் குந்தியிருந்து சமையல், இடுப்பில் பிள்ளை. பெண்ணின் முதுகுக்கு இரண்டாவது பேர் வீட்டில்தான் போடப்படுகிறது. அதற்குச் சம்பளமும் இல்லை. தண்ணீர்க் குடத்தை ஆண் தூக்கினால் சங்கத்தின் மானம் போய்விடாது.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கோரிக்கை நிறைவேறும்வரை இடுப்பு காத்திருக்காது. எங்களால் முடிந்தவை சில இருக்கின்றன.

நிரை முடிந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து ஐந்து முறை மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. பாரத்தோடு திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். கூடையைத் தரையிலிருந்து தனியாகத் தூக்க வேண்டாம். பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிட்டு இருவராகத் தூக்குங்கள், அல்லது உயரமான கல்லில் வைத்து அங்கிருந்து மாட்டுங்கள்.

வலி பிடித்துவிட்டால் நாட்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகக் குறையும். ஒன்றிரண்டு நாள் பாரத்தை விட்டு, முடிந்த அளவு மெதுவாக நடமாடினால் தசை சீக்கிரம் இளகும். சுடுதண்ணீர்த் துணி ஒத்தடம் நல்லது, தோலைச் சுட்டுக்கொள்ளாத அளவுக்கு. பனடோல் குடிப்பதானால் வளர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்துக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்களும் மிகவும் மெலிந்தவர்களும் வைத்தியரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். கடையில் துண்டு இல்லாமல் விற்கும் டைக்ளோபினாக் போன்ற குளிசைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கர்ப்பமாக இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சலம் வராமல் அடைத்தாலோ, சலமும் மலமும் தெரியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்து பாதம் இழுபட்டாலோ அன்றைக்கே போக வேண்டும். இரவென்றும் பாராதீர்கள். விழுந்த பிறகு வந்த கடும் வலி, குளிர்காய்ச்சலோடு வரும் வலி, இரவில் படுத்தாலும் ஆறாத வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது ஆகியவையும் சாதாரண வலி அல்ல. முதுகெலும்பில் காசநோயும் இப்படித்தான் தொடங்கும். அதற்கு மருந்து உண்டு, இலவசமாகவே உண்டு. பிந்தினால்தான் ஆபத்து.

நாங்கள் கேட்பது

அந்தத் தாளை நாங்கள் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதை அப்படியே நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம். நீங்கள் கொடுத்த புத்திமதி, இதோ, இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கைச்சாத்திடுங்கள் என்று கேட்கிறோம்.

1. மலையின் நிலைமையையும் பருவத்தையும் பார்க்காமல் கிலோ கூட்டக்கூடாது. சங்கத்தோடு பேசாமல் ஒரு கிலோவும் கூடக்கூடாது. முழுநாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர் கூடாது.

2. காலை ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை பத்து நிமிஷ ஓய்வு. அது வேலை நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

3. தூரத்து மலைகளுக்குப் பக்கத்தில் நிறுக்கும் இடம். கூடை நிறைவதற்கு முன் நிறுத்துப் போட அனுமதி. கண்டபடி கழிவு கூடாது.

4. தலைக் கயிற்றுக்குப் பதிலாக இரண்டு தோளிலும் இடுப்பிலும் பாரத்தைத் தாங்கும் பை. எந்தப் பை வசதி என்று அதைச் சுமப்பவர்களிடம் கேட்டே வாங்க வேண்டும். 50 கிலோ பசளை மூட்டையைப் பிரித்துத்தான் மலைக்கு ஏற்ற வேண்டும்.

5. மலையில் பெண்களுக்கு மலசலகூடமும் குடிதண்ணீரும்.

6. இடுப்புவலிக்கும் டிஸ்பென்சரித் துண்டு. வைத்தியர் இலகு வேலை கொடுக்கச் சொன்னால் முழுப்பேரோடு இலகு வேலை.

7. வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் ஸ்டோர் வாசலைத் தாண்டி மலைக்கும் வர வேண்டும். இது அரசாங்கத்துக்கு.

இவற்றைக் கேட்டால் முதலில் வரும் பதில், "ஆதாரம் எங்கே?" என்பதுதான். ஆதாரம் எங்கள் உடம்பில் இருக்கிறது, தாளில் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போட வேண்டும் என்று கேட்கிறேன். கடையில் வாங்கும் சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி போதும். திகதி, பேர் நம்பர், எந்த மலை, எத்தனை கிலோ, நிறுக்கும் இடம் எவ்வளவு தூரம், எங்கே வலி, டிஸ்பென்சரியில் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் பேர் போனது. இவ்வளவுதான் எழுத வேண்டும். எழுதத் தெரியாத அக்காமாருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், என்ன வேலை செய்கிறோம், எவ்வளவு சுமக்கிறோம் என்பதை வைத்தியரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியிலும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

தேய்ந்த இடுப்புக்குத் திகதி இல்லை என்று சட்டம் சொல்கிறது அல்லவா? இன்றையிலிருந்து நாங்களே திகதி போடுவோம்.

எங்கள் தோட்டத்தில் கொப்பியைத் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் அந்த அக்காவின் நம்பர்தான் இருக்கிறது. இரண்டாவது நம்பர் என்னுடையது. இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும் வாரமே உங்கள் தோட்டத்திலும் முதல் பக்கத்தை எழுதுங்கள். மாதக் கடைசியில் தோட்டத் தலைவர் அந்தக் கொப்பியை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராத தலைவரிடம் மாதர் சங்கம் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஒரு தோட்டத்து மாதர் சங்கத் தலைவி